எல்லோரும் நியாயமாகத்தான் சொன்னார்கள், முரண்பட்டது கூட்டத்தின் முடிவுதான்

கேள்வி இது: "நான் உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படிக்கிறேன். எடுப்பு, மறுப்பு, உண்மை அட்டவணை எல்லாம் ஒரு ஆளுடைய வாதம் சரியா பிழையா என்று பார்க்கத்தானே? பலர் சேர்ந்து எடுக்கும் முடிவுகளை ஆராயவும் இதே அளவையியல் பயன்படுகிறது என்று வாசித்தேன். தேர்தலும் குழுக்கூட்டமும் அரசியல் விஞ்ஞானம் இல்லையா? அங்கே உண்மை அட்டவணைக்கு என்ன வேலை?"

நிறைய வேலை இருக்கிறது. அதை எனக்குக் கற்றுத் தந்தது நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கும் அடுக்குமாடியின் ஜெனரேட்டர். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் ஜெனரேட்டர் அப்போது பத்து நிமிடம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். லிஃப்ட் இல்லை, மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் இல்லை. ஐந்தாம் மாடியில் முழங்கால் வருத்தத்தோடு இருந்த ஒரு அம்மா இரண்டு கிழமையாகக் கீழே இறங்கவே இல்லை. புதிய ஜெனரேட்டர் வாங்குவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு வந்தது. பொதுக்கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட நிபந்தனை ஒன்று ஏற்கெனவே இருந்தது: பழையது திருத்த முடியாத நிலையில் இருந்து, பராமரிப்பு நிதியில் பணமும் போதுமென்றால் வாங்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்கக் கூடாது.

செயலாளர் சொன்னார்: திருத்த முடியாது, பணம் போதும், ஆகவே வாங்குவோம். பொருளாளர் சொன்னார்: திருத்த முடியாதுதான், ஆனால் டீசல் விலை போகிற போக்கில் நிதி போதாது, வாங்க வேண்டாம். மூன்றாமவர் ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர். பணம் தாராளமாகப் போதும், ஆனால் சுருளை மாற்றிக் கட்டினால் பழையதே ஓடும், வாங்க வேண்டாம் என்றார்.

ஒவ்வொன்றாக வாக்கெடுத்தார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிய கூட்டக் குறிப்பில் மூன்று வரி இருந்தது:

1. பழையது திருத்த முடியாத நிலையில் உள்ளது: ஆம் 2, இல்லை 1.
2. நிதி போதுமானது: ஆம் 2, இல்லை 1.
3. புதியது வாங்குவது: ஆம் 1, இல்லை 2.

அடுத்த நாள் காலை அந்தத் தாளில் யாரோ சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்கள்: "அப்ப ஏன் வாங்கேல்ல? ஆர் பொய் சொல்லுறது?" அதோடு சந்தேகம் மாடிமாடியாக ஏறியது. பொருளாளர் எதையோ மறைக்கிறார் என்று ஒரு பக்கம், பொறியியலாளர் தனக்குத் தெரிந்த திருத்துகாரனுக்கு வேலை எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறார் என்று இன்னொரு பக்கம். இருபது வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் போனார்கள்.

இப்போது உங்கள் உண்மை அட்டவணையை எடுங்கள். எடுப்பு என்றால் மெய் அல்லது பொய் என்று சொல்லக்கூடிய ஒரு கூற்று. முதல் எடுப்புக்கு 'பழுது' என்றும் இரண்டாவதற்குப் 'பணம்' என்றும் பெயர் வையுங்கள். 'வாங்கு' என்பது இவை இரண்டின் இணைப்பு, அதாவது இரண்டும் மெய்யானால் மட்டுமே மெய்யாகும். செயலாளர்: மெய், மெய், ஆகவே மெய். பொருளாளர்: மெய், பொய், ஆகவே பொய். பொறியியலாளர்: பொய், மெய், ஆகவே பொய். மூன்று வரிசையிலும் ஒரு பிழை கிடையாது. மூவரும் தாங்கள் நம்பியதை நேர்மையாகவும் முரணில்லாமலும் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பான்மையை மட்டும் நாலாவது ஆளாக நினைத்து அவருடைய வரிசையை எழுதுங்கள்: மெய், மெய், பொய். அப்படி ஒரு வரிசை இணைப்பின் அட்டவணையில் இல்லவே இல்லை.

மனிதர்களை எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து "இங்கே யாரும் பொய் சொல்லவில்லை" என்று அடித்துச் சொல்ல என்னால் முடிந்தது. அளவையியலைத் தவிர வேறு எதுவும் எனக்கு அந்தத் துணிவைத் தந்திருக்காது. ஒரு கூட்டம் முரண்படுவதற்கு அதில் ஒருவர்கூட முரண்பட வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில் இந்த ஒரு வசனம்தான். இனிச் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவது.

இதே சிக்கலை முதலில் விரிவாக எழுதியவர்கள் சட்டத்துறையினர். புதுக்கடை நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் ஓர் ஒப்பந்த வழக்கை விசாரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் செல்லுமா, அது மீறப்பட்டதா, ஆகவே நட்டஈடு உண்டா என்று மூன்று கேள்வி. ஜெனரேட்டர் கதையின் அதே அச்சு. லூயிஸ் கோர்ன்ஹவுசரும் லோரன்ஸ் சேகரும் 1980களிலும் 90களிலும் இதை ஆராய்ந்தார்கள். அதை நீதிமன்றத்துக்கு வெளியே கொண்டுவந்து பொதுத் தேற்றமாக்கியவர்கள் கிறிஸ்டியன் லிஸ்ட், பிலிப் பெட்டிட் என்ற இருவர். 2002-இல் வெளிவந்த அவர்களுடைய தேற்றம் இப்படிப் போகிறது. ஒரு வாக்கு விதியிடம் நாலு விஷயம் கேட்கிறோம். உறுப்பினர்கள் முரணில்லாமல் எதைச் சொன்னாலும் அது விடை தர வேண்டும். யார் சொன்னது என்று பார்க்கக் கூடாது, எத்தனை பேர் என்றுதான் பார்க்க வேண்டும். எல்லா எடுப்புக்கும், அவற்றின் மறுப்புக்கும் ஒரே விதி. வரும் முடிவு முழுமையாகவும் முரணில்லாமலும் இருக்க வேண்டும். இரண்டு எடுப்பும் அவற்றின் இணைப்பும் நிகழ்ச்சி நிரலில் இருந்தால், இந்த நாலையும் ஒன்றாகத் தரக்கூடிய விதி எதுவுமே இல்லை.

"எதுவுமே இல்லை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரும்பான்மை விதி சரிவரவில்லை என்பதோடு இது நிற்கவில்லை. இனிமேல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கப் போகும் விதியும் சரிவராது என்கிறது. அதை நிறுவ உங்களுக்குத் தெரிந்த அளவையியலே போதும், இப்போதே செய்து காட்டுகிறேன்.

மேலே உள்ள மூவரையே எடுங்கள். 'பழுது' என்பவர்கள் இருவர். 'பணம்' என்பவர்களும் இருவர். 'வாங்கக் கூடாது' என்பவர்களும் இருவர்தான். விதி ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறது, எல்லா எடுப்பையும் ஒரே மாதிரி நடத்துகிறது. ஆகவே இருவர் ஆதரவு போதுமென்றால் மூன்றையும் ஏற்க வேண்டும், போதாதென்றால் மூன்றையும் தள்ள வேண்டும். மூன்றையும் ஏற்றால்: பழுது, பணம் உண்டு, ஆனாலும் வாங்கக் கூடாது. முரண். மூன்றையும் தள்ளினால், முடிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் அவற்றின் மறுப்புகளை ஏற்றாக வேண்டும்: பழுதில்லை, பணமில்லை, ஆனாலும் வாங்க வேண்டும். அதுவும் முரண். முடிந்தது.

ஐந்து பேர், ஏழு பேர் என்றால்? இரண்டுக்கும் 'ஆம்' சொல்கிற ஒருவரையும் இரண்டுக்கும் 'இல்லை' சொல்கிற ஒருவரையும் சோடியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். மூன்று எண்ணிக்கையும் ஒவ்வொன்றாகக் கூடி எப்போதும் சமமாகவே நிற்கும். இரட்டை எண்ணிக்கை என்றால் இன்னும் சுலபம்: பாதிப் பேர் ஒரு எடுப்பையும் மீதிப் பாதி அதன் மறுப்பையும் ஆதரித்தால், இரண்டையும் ஏற்க வேண்டும் அல்லது இரண்டையும் தள்ள வேண்டும். நான் முதன்முதலில் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவு நித்திரை வரவில்லை. இவ்வளவு சின்ன நிறுவல், கூட்டம் கூடி முடிவெடுக்கும் எல்லா மனிதரையும் தொடுகிறதே என்று.

சரி, தேர்தலுக்கு வருவோம். அங்கே 'மெய், பொய்' இல்லையே, விருப்ப வரிசைதானே என்று நீங்கள் கேட்கலாம். "அவரைவிட இவர் மேல்" என்பதும் ஓர் எடுப்புத்தான். அதோடு ஒரு நிபந்தனை சேர்கிறது: முதலாவது இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல் என்றால், முதலாவது மூன்றாவதைவிட மேல். வகுப்புச் சுற்றுலாவை எடுங்கள். ஒரு பிள்ளைக்கு நுவரெலியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்ற வரிசை. இன்னொரு பிள்ளைக்குத் திருகோணமலை, மட்டக்களப்பு, நுவரெலியா. மூன்றாவது பிள்ளைக்கு மட்டக்களப்பு, நுவரெலியா, திருகோணமலை. இரண்டிரண்டாக வாக்கெடுத்தால் திருகோணமலையை நுவரெலியா வெல்லும், மட்டக்களப்பைத் திருகோணமலை வெல்லும், நுவரெலியாவை மட்டக்களப்பு வெல்லும். பஸ் எந்தப் பக்கமும் போகாது. பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் கொந்தோர்சே 1785-இல் இதை எழுதிவிட்டார்.

கெனத் ஏரோ 1951-இல் இதையும் பொதுத் தேற்றமாக்கினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருந்தால், எல்லோரும் ஒருமுகமாக விரும்புவதை மதித்து, ஒவ்வொரு சோடியையும் அந்தச் சோடி பற்றிய விருப்பங்களை மட்டும் வைத்தே முடிவு செய்து, எந்தச் சூழலிலும் ஒழுங்கான வரிசை தருகிற ஒரே விதி, தனியொருவர் சொல்வதை அப்படியே ஏற்பதுதான். ஏரோ பொருளியலாளர், 1972-இல் நோபல் பரிசும் பெற்றவர். ஆனால் நியூயோர்க்கில் மாணவராக இருந்தபோது அவர் 'இதைவிட அது மேல்' போன்ற தொடர்புகளின் அளவையியலைப் படித்தது அல்பிரட் தார்ஸ்கியிடம். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய அளவையியலாளர்களில் ஒருவர் தார்ஸ்கி. அந்தக் கருவி கையில் இருந்ததால்தான் ஏரோவால் "இந்த முறையில் குறை, அந்த முறையில் குறை" என்று சொல்லிக்கொண்டிருக்காமல் எல்லா முறையையும் ஒரே வலையில் பிடிக்க முடிந்தது.

தனியொருவர் எங்கிருந்து வந்து குதிக்கிறார் என்பதுதான் எல்லோருக்கும் விளங்காத இடம். ஜெனரேட்டர் கதையின் நிபந்தனைகளிலேயே, 'யார் சொன்னது என்று பார்க்கக் கூடாது' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதை மதிக்க வேண்டும் என்பதைச் சேருங்கள். மற்ற எல்லோரும் மறுத்தாலும் தன் உறுப்பினர் ஒருமித்துச் சொன்னதை நிறைவேற்றக்கூடிய அணிக்குத் 'தீர்மானிக்கும் அணி' என்று பெயர் வைப்போம். எல்லோரும் சேர்ந்தது அப்படி ஓர் அணி. ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் கட்டாயம் தீர்மானிக்கும் அணி, முடிவு முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா? இரண்டு தீர்மானிக்கும் அணிகளுக்குப் பொதுவான ஆட்களும் தீர்மானிக்கும் அணி. ஓர் அணி 'பழுது' என்றும் மற்றது 'பணம்' என்றும் நிறைவேற்றினால் 'வாங்கு' நிறைவேறியே ஆக வேண்டும், ஆனால் இரண்டையும் சொன்னவர்கள் பொதுவான அந்த ஆட்கள் மட்டுமாக இருக்கலாம். இனி அணியைப் பாதியாக்கி, தீர்மானிக்கும் பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் ஒரே ஒரு ஆள் மிஞ்சுவார். அதிகார ஆசை, சதி என்று எதுவும் நடக்கவில்லை. இணைப்பும் மறுப்பும் சேர்ந்து அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தன.

நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் இன்னொரு நுணுக்கத்தைப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்தது இது. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்பு வரை போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அந்த இருவருக்கும் அடுத்த விருப்பு இருக்கிறதா என்று எண்ணுவார்கள். 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் அது முதல்முறையாக நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதம், சஜித் பிரேமதாச 32.76 வீதம். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இரண்டாம் எண்ணலில் வந்து சேர்ந்தவை அநுரவுக்கு 1,05,264, சஜித்துக்கு 1,67,867. ஆகக் கூட்டினால் 2 இலட்சத்து 73 ஆயிரம் சொச்சம்தான்.

மீதி 30 இலட்சம் சீட்டு என்ன சொன்னது? "இவர் அவரைவிட மேல்" என்ற எடுப்பை அந்த வாக்காளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அதை ஏற்காமல் இருப்பது வேறு, அதன் மறுப்பை ஏற்பது வேறு. "இருவரும் எனக்குச் சமம்" என்றவர், "எனக்குத் தெரியாது" என்றவர், "இரண்டாம் விருப்பு போடலாம் என்றே யாரும் சொல்லவில்லை" என்றவர் என மூன்று வகை மனிதர் ஒரே வெற்றிடத்தில் நிற்கிறார்கள். எண்ணும் விதி அந்த வெற்றிடத்தை ஒரே மாதிரித்தான் வாசிக்கிறது. ஏரோவின் தேற்றம் ஒவ்வொருவரிடமும் முழு வரிசை இருப்பதாக எடுத்துக்கொள்கிறது, நமது சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. முழுமை என்ற நிபந்தனையைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று ஆராய்வதே கூட்டு முடிவுகளை ஆராயும் இந்தத் துறையில் ஒரு பெரிய பகுதி. வாக்காளர் கல்வி பற்றிப் பேசும் நம்மவர்கள் இந்த வேறுபாட்டை மேடையில் விளக்கிச் சொன்னால் எவ்வளவு நல்லது.

கணினிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏரோவின் 1951 நூலில் தேற்றம் இருந்த வடிவத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஜூலியன் பிளாவ் என்பவர் 1957-இல் அதைச் சுட்டிக்காட்டினார், 1963-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஏரோ திருத்திக்கொண்டார். இவ்வளவு கவனமான ஆளுக்கே தவறுமென்றால், ஒவ்வொரு படியையும் இயந்திரத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்புதானே. 2009-இல் தோபியாஸ் நிப்கோவ் ஐசபெல் என்ற நிறுவல் மென்பொருளில் ஏரோவின் தேற்றத்தைச் சரிபார்த்து வெளியிட்டார். அதே ஆண்டில் டாங், லின் என்ற இருவர் வேறு வழியில் போனார்கள். இரண்டு வாக்காளர், மூன்று தெரிவு என்ற மிகச் சிறிய நிலையை மட்டும் கணினியிடம் கொடுத்தார்கள். ஆளுக்கு 6 வரிசை, ஆக 36 சந்தர்ப்பம். அந்தச் சின்ன நிலையில், தனியொருவர் சொல்வதை அப்படியே ஏற்பதைத் தவிர வேறு விதி எதுவும் தப்பாது என்று கணினி காட்டியது. பெரிய நிலைகள் அதிலிருந்து கணிதத் தொகுத்தறிவால், அதாவது ஒரு நிலையிலிருந்து அடுத்த பெரிய நிலைக்குப் படிப்படியாக ஏறும் நிறுவலால், வந்துவிடும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

கூட்டாக எதைச் செய்ய முடியும் என்பதைப் பேசும் அளவையியலும் இருக்கிறது. மார்க் பௌலி (Marc Pauly) அமைத்த கூட்டணி அளவையியலில் "இந்த அணி நினைத்தால் இதை நடத்தியே காட்டும், மற்றவர்கள் என்ன செய்தாலும்" என்பதற்கு ஒரு குறியீடே உண்டு. 225 பேர் கொண்ட நமது பாராளுமன்றத்தில் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 150 பேர் வேண்டும். 76 பேர் சேர்ந்தால் அதைத் தடுக்கலாம். சில உறுப்புரைகளுக்கு மக்கள் தீர்ப்பும் வேண்டுமென்பதால் 225 பேரும் சேர்ந்தாலும் தனியே முடியாது. பத்திரிகையில் நாம் வாசிக்கும் பேரம் எல்லாம் இந்தக் குறியீடுகளில் எழுதக்கூடியவை.

சரி, முடியாது முடியாது என்றால் என்னதான் செய்வது? நாலு நிபந்தனையில் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடுகிறோம் என்று தெரிந்து விடலாம், அளவையியல் தரும் உதவி அது. காரணங்களில் மட்டும் வாக்கெடுத்து முடிவைத் தானாக வர விடலாம். அப்படியானால் எங்கள் கட்டடத்தில் வாங்கியிருக்க வேண்டும், மூவரில் இருவர் வேண்டாம் என்றாலும். முடிவில் மட்டும் வாக்கெடுக்கலாம், அப்போது வாங்கவில்லை, ஆனால் ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் குழுவிடம் பொதுவான காரணம் இருக்காது. எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் 'ஆம்', இல்லாவிட்டால் 'இல்லை' என்று வைக்கலாம். முரண் வராது, ஆனால் ஒருவர் கையை மடக்கினாலும் எல்லாம் நின்றுவிடும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை இருக்கிறதே, அதுவும் இங்கே பொருந்தும். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். அது ஆட்களைத் தெரிவு செய்யும் முறை. அதே வழியில், குடத்தில் பெயர் வந்தவருடைய கருத்தையே ஏற்பது என்று வைத்தால் முடிவு ஒருபோதும் முரண்படாது, ஏனென்றால் அது ஒரு மனிதரின் மனம். எல்லோருக்கும் சம வாய்ப்பும் இருக்கும். சீட்டு எடுக்கும் வரை ஒருவரும் தலைவரல்ல.

இந்த வழிகளில் எனக்குப் பிடித்தது காரணங்களில் வாக்கெடுப்பது. காரணம் வெளியே தெரிந்தால் அடுத்த முறை அதைத் திருத்தலாம். ஆனால் அதற்கும் ஒரு ஆபத்து உண்டு. 'வாங்கக் கூடாது' என்று தீர்மானித்துவிட்ட பொருளாளர், தான் நம்பாவிட்டாலும் 'பழுதில்லை' என்று வாக்களித்து முடிவைக் கவிழ்க்கலாம். தேர்தல் முறைகளில் இப்படித் தந்திரமாக வாக்களிப்பதை முற்றாகத் தவிர்க்க முடியாது என்று கிப்பர்ட் 1973-இலும் சாட்டர்த்வெயிட் 1975-இலும் நிறுவியிருக்கிறார்கள். எங்கள் பொருளாளர் அப்படிச் செய்யவில்லை. தனக்குப் பாதகமான முதல் வரியில் 'ஆம்' என்றுதான் கை உயர்த்தினார்.

அதைத்தான் நான் ஒரு தாளில் நாலு வரிசையாக எழுதி, கூட்டக் குறிப்புக்குக் கீழே ஒட்டினேன். மூவரின் வரிசை, பிறகு பெரும்பான்மையின் வரிசை. பொறியியலாளர் அங்கிள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நின்று பார்த்தார். "அப்ப நாங்கள் மூண்டு பேரும் சரியோ?" என்றார். சரி என்றேன். அன்று பின்னேரம் அவரும் பொருளாளரும் கீழே கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில், எதில் வாக்கெடுப்பது என்பதை முதலில் முடிவு செய்தார்கள், பிறகுதான் வாக்கெடுத்தார்கள். ஜெனரேட்டர் வந்தது, சுருள் கட்டிய பழையது இப்போது தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் ஓடுகிறது.

உங்கள் வகுப்பில் ஒரு பயிற்சி செய்து பாருங்கள். 'பழுது, பணம், வாங்கு' என்பதில் இணைப்புக்குப் பதிலாக உட்கிடையைப் போடுங்கள்: "மழை பெய்தால் போட்டி நிற்கும்" என்பதையும் அதன் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாக மூன்று பேரிடம் கேளுங்கள். பெரும்பான்மை முரண்படும்படி மூவருக்கும் முரணில்லாத வரிசை எழுத முடியுமா என்று உண்மை அட்டவணையில் தேடுங்கள். முடியும். எப்படி என்று நான் சொல்லவில்லை, அட்டவணையில் இருப்பது நாலே நாலு வரிசைதான்.